குவாண்ட் வேலைக்கு எந்த முதுமாணி? உப்புவெளிக் காணியை ஈடு வைத்துப் போகலாமா?

மதி_உப்புவெளி

எல்லோருக்கும் வணக்கம். பேராதனையில் கணிதத்தில் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இப்போது திருகோணமலை டவுனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். கடைசி வருடத்தில் ஒரு செமினாருக்காக, ஒப்ஷனுக்கு (ஒரு பங்கைப் பின்னர் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமைக்கு) விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை முதல் வரியிலிருந்து நிறுவிக் காட்டினேன். குவாண்ட், அதாவது கணிதத்தை வைத்து நிதிச் சந்தையில் விலையும் இடரும் கணிப்பவர், இதுதான் என் வேலை என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிதமும் நிதியும், நியூயோர்க் பாரூக் கல்லூரியின் எம்எஃப்இ (நிதிப் பொறியியல் முதுமாணி), மொரட்டுவையின் நிதிக் கணிதம், ஜேர்மனியில் ஏதாவது ஒன்று என்று நான்கு பக்கமும் மனம் இழுக்கிறது. அளவைக் கோட்பாடு, நிகழ்தகவு இரண்டும் நன்றாக வரும். நிரல்மொழிகளில் பைதன் ஓரளவு வரும். சி பிளஸ் பிளஸ் தெரியாது. அப்பா காணி உறுதியை வங்கியில் வைக்கத் தயார் என்கிறார். எனக்குத்தான் கை நடுங்குகிறது. எந்தப் படிப்பு சரி?

கிண்ணியா_ரிஸ்க்

தங்கச்சி, படிப்பைப் பற்றிக் கேட்க முதல் எந்த வேலை என்று முடிவெடுங்கள். குவாண்ட் என்ற ஒரு பெயருக்குள் நாலைந்து வேலைகள் இருக்கின்றன, ஒன்றுக்குப் படித்தது மற்றதற்கு அவ்வளவாக உதவாது.

பெரிய முதலீட்டு வங்கியில் ஒப்ஷன் போன்ற பத்திரங்களுக்கு விலை கணிக்கும் கணித மாதிரி (மொடல்) எழுதுவது ஒன்று. நீங்கள் செமினாரில் செய்தது இதன் அடிப்படை. இதற்கு இட்டோ நுண்கணிதம் (விலைபோல் சீரற்று அசைபவற்றுக்கான நுண்கணிதம்), பகுதி வகையீட்டுச் சமன்பாடு, மொன்டே கார்லோ (சீரற்ற எண்களால் பலமுறை ஓட்டிக் கணிப்பது), சி பிளஸ் பிளஸ் எல்லாம் வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பிறகு சிக்கலான பத்திரங்களின் வியாபாரம் சுருங்க, இந்த அறையும் சிறுத்துவிட்டது. ஹெட்ஜ் ஃபண்டு எனும் தனியார் முதலீட்டு நிதிகளில் தரவை வைத்துச் சந்தையைப் படிப்பது இன்னொன்று. அதற்குப் புள்ளிவிபரவியலும் இயந்திரக் கற்றலும் முக்கியம், அங்கே கலாநிதிப் பட்டக்காரர்கள் நிறையப் பேர். சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் 21, 22 வயதுப் பட்டதாரிகளையே நேராக எடுத்துக்கொள்கின்றன. அங்கே முதுமாணி பெரிய துருப்புச் சீட்டு கிடையாது, மனக்கணக்கு வேகமும் நிகழ்தகவும்தான் பேசும். குவாண்ட் டெவலப்பர் வேலைக்குக் கணினி விஞ்ஞானம் படித்தவர்கள் முந்துவார்கள்.

கடைசியாக, மற்றவர்கள் எழுதிய மாதிரி சரியா பிழையா என்று சோதிப்பதும் இடர் அளவிடுவதும். இதில்தான் ஆள் அதிகம் எடுக்கிறார்கள், முதுமாணி போதும். நான் கொழும்பில் ஒரு வங்கியில் இதன் உள்நாட்டு வடிவத்தைச் செய்கிறேன். 2018 ஜனவரியிலிருந்து எஸ்எல்எஃப்ஆர்எஸ் 9 என்ற இலங்கைக் கணக்கியல் நியமம் நடைமுறைக்கு வந்ததால், கடன் கொடுத்த நாளிலிருந்தே எதிர்பார்க்கும் நட்டத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். கடன் பெற்றவர் தவறும் நிகழ்தகவு எவ்வளவு, தவறினால் எத்தனை சதவீதம் போகும் என்று மாதிரி கட்டுவதே என் நாள் முழுவதும். கொழும்புப் பங்குச் சந்தையில் ஒப்ஷன் வியாபாரம் கிடையாது. ஆகவே முதல் சொன்ன வேலை நாட்டுக்குள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமத்தான்

மொரட்டுவையைத் தள்ளி வைக்காதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், காணி காணியாக இருக்கும். என் மச்சான் அப்படித்தான் படித்து இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறார்.

லண்டன்_திருமலை

மதி, நான் உட்துறைமுக வீதிக்காரி. இப்போது லண்டனில் ஒரு வங்கியில் மாதிரிச் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளை நேர்முகம் செய்வதும் என் வேலையில் அடக்கம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இம்பீரியல் நல்ல படிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டுமே 40,000 பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு 400 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 60 லட்சம். லண்டனில் ஒரு அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் காசு தனி.

கட்டணத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். காலத்தைப் பார்ப்பவர் குறைவு. படிப்பு ஒரே வருடம். செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வகுப்பு தொடங்கும். பெரிய வங்கிகள் அடுத்த வருடத்துக்கான விண்ணப்பங்களை அதே மாதங்களில், சில அதற்கும் முன்பே, வாங்கத் தொடங்கிவிடும், வர வர நிரப்பிவிடும். நீங்கள் குளிர்ச் சட்டை வாங்கி, பாதை பழகி, இட்டோவின் முதல் தேற்றத்துக்கு வரும்போது ஒன்லைன் தேர்வு முடிந்திருக்கும். அந்தப் படிப்பு உங்களை வேலைக்குத் தயார் செய்யும் என்று நம்பி வருபவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். தயாராகி வருபவருக்கே அது பலன் தரும்.

விசாவும் இறுகுகிறது. படித்து முடித்தபின் வேலை தேட இதுவரை இரண்டு வருடம் தந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பொன்சர் செய்யும் முதலாளி கிடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் போடும் வேலைவாய்ப்பு அறிக்கையை வாசிக்கும்போது சில கேள்விகளோடு வாசியுங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? விசா தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? இன்டர்ன்ஷிப்பையும் நிரந்தர வேலையையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறார்களா? வேலையின் பெயர் என்ன? "நிதித் துறை" என்று பொதுவாகப் போட்டிருந்தால் அதற்குள் கணக்காளர் வேலையும் வரும். நேரே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், நல்ல துறைகள் பதில் தருவார்கள்.

பாடத்திட்டத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். சீரற்ற நுண்கணிதம் ஒரு முழுப் பருவம் இருக்க வேண்டும். எண்முறைக் கணிப்பை மாணவர் கையால் நிரல் எழுதிச் செய்ய வேண்டும். உண்மையான, அழுக்கான தரவில் புள்ளிவிபரவியல் இருக்க வேண்டும். சந்தைப்படுத்தலும் நிறுவன நிதியும் நிறைந்த படிப்புக்கு முன்னால் "குவாண்டிட்டேட்டிவ்" என்ற சொல்லை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வெறும் புள்ளிவிபரவியல் முதுமாணியோ பிரயோகக் கணித முதுமாணியோ என் மேசைக்கு வந்தால் நான் குறைவாக மதிப்பதில்லை.

சரி, ஒரு கேள்வி. நேர்முகத்தில் இது பழைய கேள்வி, ஆனாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்தடுத்துத் தலை-தலை விழும் வரை சராசரியாக எத்தனை சுண்டல்? தலை-பூ விழும் வரை எத்தனை? கூகுள் பார்க்காமல் எழுதுங்கள்.

மதி_உப்புவெளி

அக்கா, வகுப்பு முடிந்து வந்ததும் இருந்து போட்டேன்.

தொடக்கத்திலிருந்து எதிர்பார்ப்பு (சராசரிச் சுண்டல் எண்ணிக்கை) அ, ஒரு தலை விழுந்து நிற்கும்போது எதிர்பார்ப்பு ஆ. தலை-தலைக்கு: அ = 1 + ½ஆ + ½அ, அதாவது அ = 2 + ஆ. ஒரு தலைக்குப் பிறகு பூ விழுந்தால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து, ஆகவே ஆ = 1 + ½அ. தீர்த்தால் அ = 6.

தலை-பூவுக்கு முதல் சமன்பாடு அதேதான். ஆனால் ஒரு தலைக்குப் பிறகு இன்னொரு தலை விழுந்தால் எதுவும் இழக்கவில்லை, அதே இடத்தில் நிற்கிறேன். ஆகவே ஆ = 1 + ½ஆ, ஆ = 2, அ = 4.

இரண்டு கோலத்துக்கும் நிகழ்தகவு கால்தான், ஆனாலும் காத்திருக்கும் காலம் வேறு. இதை என் மாணவர்களுக்கும் கொடுக்கப் போகிறேன்.

லண்டன்_திருமலை

சரியான விடை. அதைவிட, "எதுவும் இழக்கவில்லை" என்று ஏன் என்பதைச் சொன்னீர்களே, அதைத்தான் நாங்கள் தேடுவோம். கணிதம் உங்களுக்குத் தடையாக இருக்காது.

நியூயோர்க்_அலஸ்தோட்டம்

அக்கா சொல்வதில் பாதியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புள்ளிவிபரவியல் முதுமாணியும் எம்எஃப்இயும் ஒன்று என்பது, ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சரியாகத் தெரியலாம். நம்மைப் போல் ஒருவரையும் தெரியாமல் போய் இறங்குபவருக்கு, அந்தப் பெயரைத் தெரிந்த ஆட்சேர்ப்பு அதிகாரியும் முன்னாள் மாணவர் வட்டமும் பெரிய விஷயம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994 இலிருந்தே இந்தப் படிப்பை நடத்துகிறது. அதில் படித்தவர்கள் முப்பது வருடமாக வங்கிகளுக்குள் இருக்கிறார்கள், தங்கள் இடத்துப் பிள்ளைகளைத் தேடி எடுக்கிறார்கள்.

பாரூக் நியூயோர்க் நகரத்தின் அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதனால் கட்டணம் தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் குறைவு, வகுப்பும் சிறியது. ஆனால் நுழைவது கடினம். நேர்முகம் வைப்பார்கள், சி பிளஸ் பிளஸ் இல்லாமல் போக வேண்டாம். அவர்களே முன்-எம்எஃப்இ வகுப்புகளும் நடத்துகிறார்கள், அதில் நல்ல புள்ளி எடுத்தால் விண்ணப்பத்துக்குப் பலம்.

அமெரிக்காவில் படிப்பு ஸ்டெம் (விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் இருந்தால் முடிந்தபின் 12 மாதமும் நீட்டிப்பு 24 மாதமும் சேர்த்து 36 மாதம் வேலை செய்யலாம். எச்-1பி என்ற வேலை விசா அதற்குள் எடுக்க வேண்டும், அது குலுக்கல். நல்ல வேலையில் இருந்தும் குலுக்கலில் விழாமல் வேறு நாட்டுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். இதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது.

இன்னொரு வழி: கணிதத்தில் அல்லது புள்ளிவிபரவியலில் கலாநிதிப் பட்டம். அங்கே பெரும்பாலும் கட்டணமும் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. காணியைத் தொடத் தேவையில்லை.

லண்டன்_திருமலை

ஆட்சேர்ப்பு வட்டம் பற்றி தம்பி சொல்வதை ஏற்கிறேன், அது உண்மை. கலாநிதிப் பட்டம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஐந்து வருடம் ஒரே கேள்வியோடு இருக்க ஆசை இருந்தால் போங்கள். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் போனால் இரண்டாம் வருடத்தில் மனம் உடைந்துவிடும். மேற்பார்வையாளருக்கும் அது அநியாயம்.

ஓய்வு_வங்கியாளர்

பிள்ளை, எனக்கு உங்கள் கணிதம் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக்கடன் கொடுத்தவன், அந்தக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

1 கோடி ரூபாய், ஆண்டு வட்டி 14 வீதம், பத்து வருடத் தவணை என்று ஒரு பேச்சுக்கு எடுப்போம். மாதத் தவணை ஏறக்குறைய 155,000 ரூபாய் வரும். மொத்தம் 1 கோடியே 86 லட்சம் கட்டி முடிப்பீர்கள். உங்களுக்கோ 1 கோடி போதாது. லண்டனில் வேலை கிடைத்தால் இது சுலபம், பவுண்டில் உழைத்து ரூபாயில் கட்டுவீர்கள், ரூபாய் விழ விழ உங்களுக்கு லாபம். வேலை கிடைக்காமல் ஊருக்கு வந்தால்? ரூபாயில் உழைத்து ரூபாயில் கட்ட வேண்டும். கொழும்பில் முதல் வேலைக்கு வரும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காணி ஏலத்துக்குப் போன குடும்பங்களின் வாசலில் நான் நின்றிருக்கிறேன். அந்தக் காணியில் உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருக்கும் பங்கு உண்டா என்பதையும் அப்பாவிடம் கேளுங்கள்.

2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணைக் கட்டணம் கட்ட முடியாமல் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கட்டணம் வெளிநாட்டுக் காசில், சேமிப்பு ரூபாயில் என்றால் அந்த ஆபத்து படிப்பு முடியும் வரை தலைக்கு மேல் இருக்கும்.

மதி_உப்புவெளி

ஐயா, தம்பி ஒருவன் உயர்தரம் படிக்கிறான். அவனை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நன்றி.

ஜேர்மனி_சாம்பல்தீவு

ஜேர்மனி பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். கைசர்ஸ்லவுட்டேர்ன் பல்கலைக்கழகத்தில் கணித முதுமாணியை ஆங்கிலத்தில் படிக்கலாம், அதற்குள் நிதிக் கணிதத்தைச் சிறப்பாக எடுக்கலாம். அதே ஊரில் இருக்கும் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திலும் நிதிக் கணிதப் பிரிவு இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிதிக் கணிதமும் காப்பீட்டுக் கணிதமும் சேர்ந்த முதுமாணி உண்டு. ஆனால் மியூனிக் 2024 குளிர்கால அரையாண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் கட்டணம் எடுக்கிறது. ஊல்ம் பல்கலைக்கழகம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. மற்றப் பல இடங்களில் கட்டணம் இல்லை, அரையாண்டுப் பங்களிப்பு மட்டும்.

ஆனால் காசே தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் காசுதான், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். கட்டணமாகப் போய்விடும் காசுக்கும் இதற்கும் வித்தியாசம் பெரியது.

படிப்பு இரண்டு வருடம். முடிந்தபின் வேலை தேட 18 மாதம். பிராங்ஃபேர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கியும் பெரிய வங்கிகளும் இருப்பதால் இடர் மாதிரி வேலைகள் அங்கே அதிகம். மியூனிக்கில் மறுகாப்புறுதி நிறுவனங்கள். மொழிதான் மலை. ஆங்கிலத்தில் படிக்கலாம், வேலை தேடும்போது ஜேர்மன் கேட்பார்கள். ஊரிலேயே ஜேர்மனை பி1 என்ற இடைநிலை வரை படித்துவிட்டு வாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், இங்கே வந்தபின் பாடச் சுமையோடு மொழி ஏறாது.

தம்பலகாமத்தான்

பிரித்தானிய அரசின் செவெனிங் புலமைப்பரிசிலுக்குப் போட்டால் என்ன? முழுச் செலவும் தருவார்கள் அல்லவா?

கிண்ணியா_ரிஸ்க்

தருவார்கள். ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் ஆகக் குறைந்தது இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். லண்டனில் குவாண்ட் ஆக நினைப்பவருக்கு அது வழி மாறிவிடும். மத்திய வங்கியிலோ, இங்கே ஒரு வங்கியின் இடர்ப் பிரிவிலோ வளர நினைப்பவருக்கு அதைவிட நல்லது இல்லை. மதி, நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என் கருத்து: முதலில் கொழும்பில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலை செய்யுங்கள். லண்டன் பங்குச் சந்தைக் குழுமத்தின் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, வங்கிகளின் இடர்ப் பிரிவுகள் இருக்கின்றன. உண்மைத் தரவில் கை அழுக்கானவரின் விண்ணப்பம் எங்கேயும் தனியாகத் தெரியும்.

மதி_உப்புவெளி

நானா, ஊரில் இருந்துகொண்டே இப்போது செய்யக்கூடிய ஒரு புரொஜெக்ட் சொல்ல முடியுமா? இணையத்தில் எல்லோரும் ஆப்பிள் பங்கைத்தான் வைத்துச் செய்கிறார்கள்.

கிண்ணியா_ரிஸ்க்

நம் ஊர்ப் பங்குகளையே எடுங்கள். டோக்கியோ சீமெந்தின் தொழிற்சாலை திருகோணமலையில். லங்கா ஐஓசி சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு பகுதியை நடத்துகிறது. இரண்டும் கொழும்புச் சந்தையில் பட்டியலிட்டவை. பத்து வருடத்து நாளாந்த முடிவு விலை எடுத்து, ஒரு நாளில் 99 வீத நம்பிக்கையோடு எவ்வளவு இழக்கலாம் என்று, அதாவது வார் (Value at Risk), கணக்கிடுங்கள். ஒருமுறை பழைய தரவை அப்படியே வைத்து, இன்னொருமுறை கார்ச் (தளம்பல் நாளுக்கு நாள் மாறுவதைக் கணிக்கும்) மாதிரி வைத்து.

கணக்கு சின்னது, தரவைச் சுத்தம் செய்வதில்தான் வேலை. வியாபாரம் மெலிந்த நாட்களில் விலை அசையாமல் இருக்கும், அந்தப் பூச்சியங்கள் தளம்பலைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பங்கு பிரித்த நாளில் விலை பாதியாக விழுந்ததுபோல் தெரியும், அதைத் திருத்த வேண்டும். 2020 இல் கொரோனாவுக்காகச் சந்தை வாரக்கணக்கில் மூடியிருந்தது, 2022 ஏப்ரலிலும் சில நாள் மூடினார்கள். மூடித் திறந்த நாளின் அசைவை ஒரு நாள் அசைவாக எடுப்பதா? எடுத்தாலும் விட்டாலும் காரணம் எழுதுங்கள்.

பிறகு சோதனை. 250 வியாபார நாட்களில் இழப்பு உங்கள் எல்லையைத் தாண்டும் நாட்கள் சராசரியாக 2.5 இருக்க வேண்டும். வங்கிகளுக்கான சர்வதேச பாசல் விதியில் 4 வரை பச்சை, 5 முதல் 9 வரை மஞ்சள், 10 வந்தால் சிவப்பு. 2022ஐ அந்த ஜன்னலுக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த மாதிரி எந்த வாரத்தில் உடைகிறது, ஏன் உடைகிறது என்று நான்கு பக்கம் எழுதினால் போதும்.

லண்டன்_திருமலை

அந்த நான்கு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன். வார்த்தைக்காகச் சொல்லவில்லை. இட்டோவை ஏற்கெனவே தொட்டவர் நீங்கள். மிச்சம் இருப்பது சி பிளஸ் பிளஸ்ஸும் தரவுப் பழக்கமும்தான், இரண்டுக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

மதி_உப்புவெளி

அப்பாவோடு இருந்து ஐயாவின் தவணைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். லண்டன் இந்தச் சுற்றில் இல்லை. கொழும்பில் இடர்ப் பிரிவு வேலைகளுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன், ஜேர்மன் வகுப்பும் தொடங்குகிறேன். அடுத்த வருடம் கைசர்ஸ்லவுட்டேர்னுக்குப் போடுவேன். பாரூக்கை இன்னும் மனதிலிருந்து எடுக்கவில்லை. நியூயோர்க் அண்ணா, சி பிளஸ் பிளஸ் எங்கே தொடங்குவது என்று உங்களிடம்தான் கேட்பேன்.

விலை மாதிரி எழுதும் வேலைதான் ஆசை. சரிபார்ப்பு வழியாக உள்ளே போய்ப் பிறகு மாற முடியுமா அக்கா?

லண்டன்_திருமலை

முடியும், மாறியவர்கள் என் பிரிவிலேயே இருந்தார்கள். சரிபார்ப்பவர் மாதிரியை மறுபடி தானே கட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அதைச் சொந்த நிரலில் ஒழுங்காகச் செய்பவரை மாதிரி எழுதும் குழு கவனித்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் மாறுங்கள், அதற்குப் பிறகு கடினமாகும்.

ஜேர்மனி_சாம்பல்தீவு

தங்கச்சி, ஒரு அவசர விஷயம். பேராதனை விரிவுரையாளர்களிடம் பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேளுங்கள், ஆட்கள் விடுமுறையில் வெளிநாடு போனால் பிடிக்க முடியாது. படித்த பாடங்களின் விபரத்தைப் பாடத்துக்கு ஒரு பந்தியாக ஆங்கிலத்தில் எழுதித் துறைத் தலைவரின் கையொப்பம் வாங்குங்கள். வெறும் புள்ளிப் பட்டியலை வைத்து அளவைக் கோட்பாடு எவ்வளவு ஆழமாகப் படித்தீர்கள் என்று இங்கே மதிப்பிட மாட்டார்கள்.

மதி_உப்புவெளி

சரி அண்ணா, திங்கட்கிழமை கண்டி பஸ் எடுக்கிறேன்.